பார்க்கிற நேரத்துக்கும் காசு கேளுங்கள்

என்னுடைய விலைப்பட்டியலில் இந்த வருஷம் ஒரு புதிய வரி சேர்ந்திருக்கிறது: ‘நேரில் பார்த்துக் கீறுதல்’. படத்தைத் தொடங்குவதற்கு முன்னால், வரையப்போகிற பொருள் இருக்கிற இடத்துக்கே போய், அதைப் பார்த்துக் கொப்பியில் கீறிக்கொண்டு வருவதற்கான கட்டணம் அது. ரொறன்ரோவில் இருக்கிற வாடிக்கையாளர்களும் அதைக் கொடுத்தார்கள், இங்கே இருக்கிற ஒரு தொண்டு நிறுவனமும் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் வீட்டின் முன்னறையில் இருந்து தனியாகப் படம் வரைந்து சீவிக்கிற ஒருத்திக்கு இது பெரிய செய்தி. எப்படி நடந்தது என்பதை இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

அவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, எந்த ஐபேட் வாங்குவது என்பதுதான். ஐபேட் நல்ல கருவி. முடிவுப் படங்களை நானும் அதில்தான் செய்கிறேன். ஆனால் எனக்கு வேலை தேடித் தந்தது அது இல்லை. ஏ5 அளவில் ஒரு தடித்த கொப்பி, 4பி பென்சில், தண்ணீர் பட்டாலும் கரையாத மைப்பேனை, சின்னதாய் ஒரு நீர்வர்ணப் பெட்டி. எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். 2022 இல் மின்சாரம் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் நின்றபோதும் என் வேலை நிற்காமல் போனது இந்தப் பையால்தான். காலமை வெள்ளனத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் வெளிச்சம் சரிந்து விழும், மரக்கறிக் குவியல், சாக்கு, ஆட்கள் எல்லாம் நிழலோடு தெளிவாகத் தெரியும். பத்து மணிக்குப் பிறகு எங்கள் வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். சந்தையில் கீறுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிறமாதிரி இடம் பிடியுங்கள். பின்னால் கூட்டம் கூடாது. ஆட்களைக் கீறுவதாக இருந்தால் கேட்டுவிட்டுக் கீறுங்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் குறைவு. சொன்னால் விட்டுவிடுங்கள்.

சரி, வேலைகளுக்கு வருகிறேன்.

ரொறன்ரோவில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற பெற்றோர் சிலர் சேர்ந்து, அங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு படக்கதைப் புத்தகம் போட நினைத்தார்கள். பேத்தி விடுமுறைக்கு ஊருக்கு வருகிறாள். அம்மம்மாவோடு சேர்ந்து பாத்தி கிண்டிப் பனங்கிழங்கு எடுக்கிறாள், அவித்துச் சாப்பிடுகிறார்கள். 24 பக்கம். கதையோடு சில மாதிரிப் படங்களையும் அனுப்பியிருந்தார்கள். கணினியிடம் சொல்லிச் செய்வித்த படங்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தன. ஆனால் அம்மம்மா வீட்டுக்குப் பின்னால் மலை நின்றது, முன்னால் ஆறு ஓடியது, பனை நிற்க வேண்டிய இடத்தில் தென்னை நின்றது. குடாநாட்டில் மலையே கிடையாது. வருஷம் முழுக்க ஓடுகிற ஆறும் கிடையாது. மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிற வழுக்கையாறு ஒன்றுதான் எங்களுக்கு ஆறு. இதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. ஊரை விட்டுப் போய் முப்பது வருஷம் தாண்டியவர்களின் ஞாபகத்தில் அம்மம்மா இருப்பா, வேலி இருக்காது. பிள்ளைகளோ இரண்டையும் கண்டதில்லை. அந்தப் பிள்ளைகள் வாழ்நாளில் பார்க்கப்போகிற முதல் பனை என்னுடைய படத்தில்தான் நிற்கப்போகிறது என்று யோசித்தபோது எனக்குப் பொறுப்பு கூடிப்போனது.

அதனால் ஓவியத்தைத் தொடங்காமல், முதலில் ஒரு பனங்காணிக்குப் போனேன்.

பனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த மரம், ஆனால் பார்க்காமல் வரையச் சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே தென்னையாக வரைந்துவிடுகிறார்கள். தென்னோலையில் கீற்றுகள் நடு நரம்பின் இரண்டு பக்கமும் நீளத்துக்குப் பிரிந்து தொங்கும். பனையோலை மட்டையின் நுனியில் இருந்து வட்டமாக விரியும். மட்டையின் இரண்டு ஓரத்திலும் கறுத்தப் பல்லு இருக்கும், அதுதான் கருக்கு. தூரத்தில் இருந்து பார்க்கும்போது பனையின் தலை உருண்டையாகத் தெரிவது ஓலைகள் எல்லாப் பக்கமும் விறைத்து நிற்பதால்தான். வடலியில், அதாவது இளம் பனையில், பழைய மட்டைகளின் அடி, கங்குமட்டை, மரத்தைச் சுற்றி விழாமல் நிற்கும். முதிர்ந்த மரத்தில் அதெல்லாம் விழுந்து வளையம் வளையமாகத் தழும்பு மட்டும் தெரியும். ஆகவே அம்மம்மா கலியாணம் செய்து வந்த காலத்துக் காணி என்று காட்ட வேண்டுமென்றால் உயர்ந்த பனைகளுக்கு இடையில் வடலிகளும் நிற்க வேண்டும். அது ஒரு வார்த்தையும் எழுதாமல் காலத்தைச் சொல்லிவிடும்.

காணியில் நின்றபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. கதையில் அம்மம்மா கிழங்கு கிண்டுகிற அன்றைக்கே நுங்கும் வெட்டிக் கொடுப்பதாக எழுதியிருந்தது. நுங்கு வெயில் காலத்துச் சாமான். பழம் விழுவது அதற்குப் பிறகு, ஆடி ஆவணியில். அந்தப் பழத்தின் கொட்டையைப் பாத்தியில் அடுக்கி, மாரி மழை பெய்து முளைத்த பிறகு, மார்கழி தையளவில்தான் கிழங்கு. இரண்டும் ஒரு பக்கத்தில் வர ஏலாது. கதை எழுதிய அக்காவுக்குச் சொன்னேன், அவ நுங்கை எடுத்துவிட்டுப் பூரானைப் போட்டா. கிழங்குக் காலத்தில் முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெள்ளையாய் மெத்தென்று இருக்கிற பூரான் வரும். குழந்தை தின்பதற்கு நுங்கை விட அதுதான் கதைக்குள் பொருத்தமாக உட்கார்ந்தது.

மாதிரிக்கு முதலில் ஒரே ஒரு பக்கம் முழுதாக முடித்து அனுப்பினேன். அம்மம்மாவின் இரண்டு கைகளும் அவித்த கிழங்கும் மட்டும். கிழங்கை நெடுக்காகப் பிளந்து, நடுவில் இருக்கிற பீலியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து எடுக்கிற அந்த நொடி. ஓரத்தில் ஒரு நார் சுருண்டு தொங்குகிறது. அடுத்த நாள் அந்தக் குழுவில் ஒரு அம்மாவிடம் இருந்து குரல் பதிவு வந்தது. “பிள்ளை, பீலி எண்டு ஒண்டு இருக்கிறதையே நான் மறந்துபோனன். இதைப் பார்த்திட்டு எனக்குப் பேச்சு வரேல்லை.” அதற்குப் பிறகு மலையைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ ஒருவரும் கதைக்கவில்லை. மீதிப் பக்கங்களுக்கு நேரில் பார்க்கிற கட்டணத்தைத் தனி வரியாகப் போட்டுத் திருத்திய விலையை அனுப்பினேன். ஒரு கேள்வியும் இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

இதைத் தனி வரியாகப் போடுவதுதான் முக்கியம். மொத்த விலைக்குள் கரைத்துவிட்டால் வாடிக்கையாளருக்கு அது தெரியாது, பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். தனியாக எழுதினால் அது என்ன என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல இடம் வரும். நான் எழுதுவது இவ்வளவுதான்: எந்த இடம், எதைப் பார்க்கப் போகிறேன், பஸ்ஸோ படகோ ஓட்டோவோ அதற்கான செலவு, திரும்பி வந்ததும் எத்தனை பக்கக் கீறல் காட்டுவேன். கூடவே ஒரு வசனம்: அந்தக் கீறல்கள் என்னுடையவை, அவர்களுக்குப் பார்க்க மட்டும். அந்தக் கொப்பிகள்தான் என்னுடைய மூலதனம். நாளைக்கு இன்னொரு வேலைக்கு அதே பனைதான் உதவப்போகிறது.

கணினிப் படங்கள் வந்த பிறகு வேலை குறைந்ததா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் என் பதில். சில வேலைகள் குறைந்ததுதான். கடை விளம்பரத்துக்கு ஒரு சிரிக்கிற குடும்பம் வேண்டுமென்று கேட்பவர்கள் இப்போது வருவதில்லை. ஆனால் கிளுவை மரத்தடி நட்ட கதியால் வேலியும், பின்னிய ஓலைக் கிடுகு மாட்டிய கோடிப்புறமும், வேலி வாசலில் படலையும் வேண்டுமென்று கேட்பவர்கள் முன்னையை விடக் கூடியிருக்கிறார்கள். காரணம், இவை எல்லாம் போதுமான அளவுக்கு எங்கேயும் படமாக இல்லை. 1981 இல் யாழ். பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போயின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்த அல்பங்கள் போயின. எஞ்சியதில் கொஞ்சம் ‘நூலகம்’ எண்ணிமக் களஞ்சியத்தில் இருக்கிறது. பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று அங்கே தேடினால் அறுபதுகளின் சட்டைக் கழுத்து, தலைவாரல், கடைப் பலகை எல்லாம் கிடைக்கும். காசு இல்லாமல் யாரும் பார்க்கலாம். நான் ஒவ்வொரு வேலைக்கும் முதலில் அங்கேதான் போகிறேன், பிறகு நேரில்.

இரண்டாவது வேலை, முதலில் சொன்ன தொண்டு நிறுவனத்துக்குச் செய்த, கிணற்றுத் தண்ணீர் பற்றிய துண்டுப்பிரசுரம். கதையைக் காட்டிலும் எனக்கு இது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் வரைய வேண்டியது மண்ணுக்குக் கீழே. எங்கள் ஊர் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கிற உவர்நீருக்கு மேல் ஒரு படையாக மிதந்து நிற்கும். அளவுக்கு மிஞ்சி மோட்டர் போட்டு இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து, உவர் மேலே ஏறும். மலசலகூடக் குழி கிட்ட இருந்தால் அந்த அழுக்கும் அதே வெடிப்புகளால் கிணற்றுக்கு வந்துவிடும். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவருமாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே சங்கதி ஒவ்வொரு வளவுக்குக் கீழேயும் நடக்கிறது என்பதைத்தான் படத்தில் சொல்ல வேண்டும்.

பார்க்க முடியாததை எப்படி நேரில் பார்ப்பது? நீர்வேலியில் ஒரு வீட்டில் கிணறு இறைத்துச் சேறு அள்ளுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அனுமதி கேட்டுப் போனேன். தண்ணீர் வற்ற வற்றக் கிணற்றுச் சுவர் தெரிய வந்தது. மேலே செம்மண், அதற்குக் கீழே கல், கல்லில் துளைகள். ஒரு இடத்தில் சுண்டுவிரல் அளவு ஓட்டையில் இருந்து தண்ணீர் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. உள்ளே இறங்கி நின்ற ஐயா அந்த ஓட்டையைக் கையால் பொத்திக் காட்டினார். “இந்தா, இதுதான் ஊத்துக்கண். இது எங்கையிருந்து வருகுதெண்டு ஆருக்குத் தெரியும்? பக்கத்து வளவுக்கு அங்காலையும் போகும்.” துண்டுப்பிரசுரத்துக்கு வேண்டிய விளக்கம் அந்தக் கையில் இருந்தது. அவர் கை, ஊற்றுக்கண், விரல்களுக்கு இடையால் வழிகிற தண்ணீர். அதை அப்படியே முதல் பக்கப் படமாக வைத்தேன்.

நிறுவனம் முதலில் கேட்டது பாடப்புத்தகத்தில் வருவது போன்ற குறுக்குவெட்டு முகம். அதையும் கீறிக் கொடுத்தேன். அச்சுக்குப் போகுமுன் அந்தப் படத்தை எழுத்து ஒன்றும் இல்லாமல் கொஞ்சப் பேரிடம் காட்டிப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன். படிக்கிற பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. தோட்டம் செய்கிற அம்மாமாருக்கு விளங்கவில்லை. ஒருவர் அதைத் தொட்டி என்றார், இன்னொருவர் மதில் என்றார். நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது என்பது படித்துப் பழகிய பார்வை. கிணற்றை நாங்கள் மேலே நின்று எட்டித்தான் பார்க்கிறோம். ஆகவே படத்தையும் அந்த வரிசையில் மாற்றினேன். முதலில் கிணற்றுக்கட்டில் நின்று கீழே பார்க்கிறோம். அடுத்ததில் பாதி ஆழம், கல் தெரிகிறது. அடுத்ததில் ஊற்றுக்கண். கடைசியில்தான் கல்லுக்கு உள்ளே, பக்கத்து வளவுக் குழிவரை. அதே அம்மாமார் இந்தமுறை விரலை வைத்து வழி காட்டினார்கள். துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, அறிவித்தல் பலகை, எந்த வேலையாக இருந்தாலும் எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டிப் பாருங்கள். இதற்கு அரை நாள் போதும். இந்த அரை நாளையும் விலையில் எழுதுங்கள்.

வெளியில் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாத ஒரு வேலையும் இருக்கிறது. இறந்தவருக்குச் செய்கிற 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்கிற நினைவு மலர்கள். யாழ்ப்பாணத்தில் ஓவியம் தெரிந்தவருக்கு மாதா மாதம் சோறு போடுகிற வேலை அதுதான், இதைக் குறைவாக நினைக்கிறவர்கள் தொழிலைத் தெரியாதவர்கள். இந்த வருஷம் ஒரு அக்கா தன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தா. தகப்பனின் படம் என்று அவர்களிடம் இருந்தது பழைய அடையாள அட்டை மட்டும். மற்றதெல்லாம் 95 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. அட்டையில் முகம் பாதி அழிந்திருந்தது. முதல் கீறலைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னா: “முகம் அவற்றைதான் பிள்ளை. கண் ஆரின்ரயோ கண்.” நான் அழிறப்பரை எடுத்துவிட்டு, அவர் என்ன வேலை செய்தவர், வெயிலுக்கு எப்படிப் பார்ப்பார் என்று கேட்டேன். கடற்தொழில். தூரம் பார்க்கிற பழக்கத்தில் ஒரு கண்ணை எப்போதும் கொஞ்சம் ஒடுக்கித்தான் வைத்திருப்பாராம். அந்த அம்மாவே செய்து காட்டினா. அவ முகத்தில் நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன், அதைத்தான் கீறினேன். இந்த மாதிரி வேலைக்கு உறவுக்காரரை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லிவிட்டு இருக்காதீர்கள். கட்டாயம் முன்னால் இருத்தி வைத்துக் கீறுங்கள். மலர் வேலையில் தவணைக் காசெல்லாம் நான் கேட்பதில்லை, துக்க வீட்டில் அது சரிவராது. ஒரே தொகை, மலரைக் கையில் கொடுக்கும்போது.

மற்ற எல்லா வேலைக்கும் தவணை உண்டு. 40 வீதம் தொடங்கும்போது, 30 வீதம் பென்சில் கீறல் முழுவதும் ஒப்புதலான பிறகு, 30 வீதம் அச்சுக்கான கோப்புகளை அனுப்புவதற்கு முன். முன்பணம் வராமல் பென்சிலைத் தூக்குவதில்லை. பென்சில் கட்டத்தில் இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடக்கம். நிறம் தீட்டிய பிறகு மாற்றச் சொன்னால் பக்கத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே எழுதி இருக்கும். இரண்டு பக்கக் கடிதம், எளிய தமிழில். ஒப்பந்தம் என்றால் பயப்படுகிறவர்களும் கடிதத்தை வாசித்துப் பதில் போடுவார்கள், அந்தப் பதிலே போதுமான சாட்சி.

உரிமையைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் வரைந்த நிமிஷமே பதிப்புரிமை பிறக்கிறது. எங்கேயும் பதியத் தேவையில்லை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருஷம் இருக்கிறது. ஆகவே படத்தை விற்கிறோம் என்று நினைக்காதீர்கள். எதற்குப் பயன்படுத்தலாம், எந்த மொழியில், எத்தனை வருஷம் என்று அனுமதி கொடுக்கிறீர்கள். ரொறன்ரோக் குழு பிறகு அதே அம்மம்மாவைக் குவளையிலும் துணிப்பையிலும் போட விரும்பியது. கடிதத்தில் புத்தகம் மட்டும் என்று இருந்தபடியால் அவர்களே கேட்டார்கள், தனி விலை பேசினோம், இரண்டு பக்கமும் சந்தோஷம்.

அச்சகத்துக்குப் போகிற கட்டம் எனக்குப் பிடித்தமானது. அங்கே வேலை செய்கிற அண்ணைமாரிடம் நான் கற்றது கனக்க. திரையில் பளபளக்கிற கிளிப்பச்சை கடுதாசியில் வராது. ஆகவே சி.எம்.வை.கே என்கிற, அச்சு மையின் நாலு நிறத்தில் மாற்றி முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். 300 டி.பி.ஐ, சுற்றிவர, வெட்டும்போது போகிறமாதிரி 3 மி.மீ. வெட்டுவிளிம்பு. கறுப்புக் கோடுகளைத் தனிக் கறுப்பில் மட்டும் வையுங்கள். நாலு நிறமும் சேர்ந்த கறுப்பாக இருந்தால் தகடு மயிரளவு விலகினாலும் கோட்டோரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்க வேண்டும். இனி எழுத்து. எங்கள் அச்சகங்கள் பலவற்றில் இன்றைக்கும் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. நீங்கள் யூனிகோடில் கொடுத்ததைப் பழைய மென்பொருளில் திறந்தால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். இலஸ்ரேற்றர் என்கிற வரைகலை மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிந்தெடுத்து, எழுத்து சரியாக விழுந்த பிறகு, வெளிக்கோடாக மாற்றிக் கொடுங்கள். மாற்றாத பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி அச்சைக் குழல் விளக்கின் கீழ் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முழுத்தொகையும் அச்சேற முன்னம் மாதிரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

புத்தகத்தில் ஓவியரின் பெயர் எங்கே வரும் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து நூல் வெளியீட்டில் முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர்கள் எல்லோருடைய பெயரும் அழைப்பிதழில் வடிவாக வரும், அட்டைப்படம் வரைந்தவர் பெயரைக் காண்பது அரிது. எழுத்தாளரிடம் கேட்டால் மனம் நிறைந்து போடுகிறார்கள். கேட்கிறதுதான் எங்கள் பக்கத்து வேலை.

வெளிநாட்டுக் காசு வாங்குவதில் எங்களுக்கு நீண்ட நாள் கரைச்சல் ஒன்று உண்டு. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் பேபாலில் இங்கேயிருந்து காசு செலுத்தலாம், பெற ஏலாது. அதனால் நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வேன், சின்னத் தொகை என்றால் பயோனியர் என்கிற இணையப் பணச்சேவை. அனுப்புகிற செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வரியைக் கண்டு ஓடவும் வேண்டாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் விலக்கு வருஷத்துக்கு 18 இலட்சம் ரூபா. வெளிநாட்டுக்குச் செய்கிற சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக வருகிற வருமானத்துக்கு ஆகக்கூடிய வரிவீதம் 15. இங்கேயுள்ள நிறுவனம் ஒரு மாதத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் சேவைக் கட்டணம் தந்தால் 5 வீதம் பிடித்துக்கொண்டு தரும். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், வருஷ முடிவில் கணக்கில் கழியும்.

இனிப் புதுச் செய்திகள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கள் சனத்துக்காக ஒரு தபாலட்டைத் தொகுதி செய்கிறேன். 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததை நினைத்துக் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம், பருத்தித்துறைத் தெருமூடி மடம், நெடுந்தீவின் பவளக்கல் வேலி. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து படகில் போய் வந்தாயிற்று. சாந்து இல்லாமல் கல்லைக் கல்லின்மேல் அடுக்கிய அந்த வேலியின் இடுக்குகளால் வெளிச்சம் வருகிற விதத்தைக் கீறுவதற்கே ஒரு பின்னேரம் போனது. அட்டையின் பின்பக்கத்தில் அந்த இடத்தைப் பற்றி இரண்டு வரி தமிழில் இருக்கும்.

ரொறன்ரோக் குழு இரண்டாவது புத்தகத்துக்கும் முன்பணம் அனுப்பிவிட்டது. இம்முறை கதை, தோட்டத்துக்குத் துலா, அதாவது கிணற்றில் இறைக்கிற நீண்ட மரம், மிதித்துத் தண்ணீர் இறைத்த ஒரு தாத்தாவைப் பற்றியது. துலாவும் அதைத் தாங்குகிற ஆடுகாலும் நிற்கிற கிணறுகள் சிலவற்றைப் பார்த்துவிட்டேன், ஆனால் எல்லாம் ஓய்ந்து நிற்பவை. எனக்கு வேண்டியது, ஒரு ஆள் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்கும்போது கால் எங்கே படும், துலாக்கொடி எந்தப் பக்கம் இழுபடும், தண்ணீர் அள்ளுகிற பட்டை நிறைந்து மேலே வரும்போது கீழே நிற்பவர் அதை எப்படிச் சாய்ப்பார் என்பது. துலா மிதித்த பெரியவர்கள் வலிகாமத்திலோ வடமராட்சியிலோ உங்கள் வீட்டில் இருந்தால், தரையில் நின்றாவது செய்து காட்டக்கூடியவராக இருந்தால், எனக்குச் சொல்லுங்கள். கொப்பியோடு வருகிறேன். அவருடைய நேரத்துக்கும் இந்தமுறை விலைப்பட்டியலில் ஒரு வரி போட்டிருக்கிறேன்.